சீனி ‘லோ’ ஆகிவிடுமோ? பயத்தை அளந்து பார்க்கும் வழி

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருப்பது தெரிந்த புதிதில், இரத்தத்தில் சீனி ஏறுவதைவிட இறங்குவதற்கே பலர் அதிகம் பயப்படுகிறார்கள். அதில் வியப்பில்லை. ஏறியிருக்கும் சீனி உடம்புக்கு அவ்வளவாகத் தெரியாது. இறங்கினால் உடனே தெரிகிறது: கை நடுங்கும், சட்டை நனையும், நெஞ்சு படபடக்கும். உறவுக்காரர் யாராவது ‘லோ’ ஆகி மயங்கி விழுந்த கதையும் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் படுக்கப் போகுமுன் நான்கு பிஸ்கட், வெளியே கிளம்புமுன் இன்னொரு தோசை, தலை கிறுகிறுத்தால் அந்த வேளை மாத்திரைக்கு விடுப்பு என்று பழக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஆறு மாதம் கழித்து, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9, 10 விழுக்காடு என்று வருகிறது. நடந்தது தெரியாத டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார். மருந்து கூடியதும் பயமும் கூடுகிறது.

2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். பினாங்கில் ஜெலுத்தோங்கானாலும் பட்டர்வொர்த்தானாலும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதே அரிது. பேச்சு மிகுதியாக இருப்பதால் பயமும் பொத்தாம்பொதுவாகப் பரவுகிறது. உண்மையில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குமா என்பது நோயைப் பொறுத்ததைவிட, சாப்பிடும் மருந்தைப் பொறுத்தது. ஒருவருக்குத் தேவையான பயம் இன்னொருவருக்குத் துளியும் தேவையில்லாமல் போகலாம்.

முதலில் மருந்துப் பையைத் திறங்கள்

சீனியை வேகமாக இறக்கக்கூடியவை இரண்டு வகை: இன்சுலின் ஊசி, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள். மாத்திரை உறையில் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட், கிளிபிசைட் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது இரண்டாவது வகை. டயமைக்ரோன், டயோனில், அமரில் என்ற வணிகப் பெயர்களிலும் இவை வருகின்றன. குளூக்கோவான்ஸ் போன்ற சிலவற்றில் மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். அதைச் சாப்பிடுபவர் ‘நான் ஒரு மாத்திரைதான் எடுக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கின்றன. இரத்தத்தில் சீனி 12 இருக்கிறதா 4 இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பிட்டீர்களா இல்லையா என்பதும் அவற்றுக்குத் தெரியாது. ஊசியில் போன இன்சுலினும் அப்படித்தான், போட்ட அளவுக்கு வேலை செய்தே தீரும்.

மெட்ஃபார்மின் வேறு மாதிரி. கல்லீரல் இரத்தத்தில் கொட்டும் சீனியை அது குறைக்கிறது, கணையத்தைத் துரத்துவதில்லை. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் ஆகியவை சீனி கூடும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டுகின்றன. எம்பாகிளிஃப்ளோசினும் டாபாகிளிஃப்ளோசினும் கூடுதல் சீனியைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இவற்றைத் தனியாகவோ இவற்றுக்குள் சேர்த்தோ எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும் ஒருவருக்குப் பிற்பகலில் கை நடுங்கினால், மதியச் சாப்பாடு தள்ளிப்போனது, தூக்கமின்மை, இரண்டு கோப்பை கோப்பி ஓ, மனப்பதற்றம் என்று வேறு காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். அவர் இரவில் பயந்து பயந்து பிஸ்கட் சாப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா எடுப்பவர்கள் மட்டும், தங்களிடம் இருக்கும் பயத்தில் ஒரு பங்கு நியாயமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பங்கைக் குறைப்பதற்கு வழி இருக்கிறது.

எண்கள், தமிழ்நாட்டுக் காணொளிகள், பொய்யான ‘லோ’

விரலைக் குத்திச் சீனி பார்க்கும் குளுக்கோமீட்டர் மலேசியாவில் காட்டுவது மில்லிமோல் கணக்கு. 3.9க்குக் கீழே போனால் ‘லோ’, அதாவது கவனித்து ஏதாவது செய்ய வேண்டிய நிலை. 3.0க்குக் கீழே போனால் மூளைக்குப் போகும் சீனி குறைந்து பேச்சும் யோசனையும் தடுமாறும். எண் எதுவாக இருந்தாலும், இன்னொருவர் உதவி இல்லாமல் மீள முடியாது என்ற நிலைக்குப் போனால் அது கடுமையான இறக்கம்.

தமிழில் சர்க்கரை நோய் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அங்கே மில்லிகிராம் கணக்கு. ‘எழுபதுக்குக் கீழே போகக் கூடாது’ என்று அங்கே சொல்லும் 70தான் நமது 3.9. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். மீட்டரில் 5.6 என்று பார்த்துவிட்டு ‘எழுபது எங்கே, ஐந்தரை எங்கே’ என்று கலங்குபவர்கள் இருக்கிறார்கள். 5.6 என்பது அந்தக் கணக்கில் 101; நல்ல எண்.

உடம்பு சும்மா இருந்து சீனியை இறங்க விட்டுவிடுவதில்லை. இனிப்புநீர் இல்லாதவரின் உடம்பில், சீனி 4.5 அளவுக்கு வரும்போதே இன்சுலின் சுரப்பு குறைந்துவிடும். 3.8ஐ நெருங்கும்போது குளுக்ககான், அட்ரினலின் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் வெளிப்பட்டுக் கல்லீரலில் சேமித்த சீனியை இரத்தத்தில் சேர்த்துவிடும். அந்த அட்ரினலின்தான் நடுக்கத்தையும் வியர்வையையும் படபடப்பையும் கொண்டுவருகிறது. அதாவது நீங்கள் பயப்படும் அந்த அறிகுறிகள் உடம்பு உங்களைக் காப்பாற்ற வேலை செய்யும் சத்தம்.

புதிதாக மருந்து தொடங்கியவர்கள் அறிய வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பல மாதங்கள் சீனி 14, 15 என்று இருந்த உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது. மருந்து வேலை செய்து 7க்கோ 6க்கோ வந்ததும், உடம்பு அதையே ‘லோ’ என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினை அனுப்பிவிடும். நடுக்கம் உண்மை, வியர்வை உண்மை, ஆனால் ஆபத்து இல்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, சீனி தொடர்ந்து நல்ல அளவில் இருந்தால் சில வாரங்களில் உடம்பு புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு டம்ளர் சீனித்தண்ணீர் குடித்தால், பழகுவதற்கு வாய்ப்பே கொடுக்காமல் மறுபடி 13க்கு ஏற்றிவிடுகிறீர்கள். மீட்டர் 6.4 காட்டினால் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், சாப்பாட்டு நேரம் வந்திருந்தால் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அது போதும்.

பயம் பிடித்தாலும் சுரப்பது அதே அட்ரினலின்தான். ‘இறங்கிவிட்டதோ’ என்ற எண்ணம் நெஞ்சைப் படபடக்க வைக்கும்; படபடப்பைப் பார்த்து எண்ணம் உறுதிப்படும். உள்ளிருந்து எத்தனை உற்றுக் கவனித்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. விரல் நுனியில் வரும் ஒரு துளி இரத்தம் சொல்லிவிடும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பயத்தை அளக்கவே 1987இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். கவலை ஒரு பகுதி, கவலையால் செய்யும் செயல்கள் இன்னொரு பகுதி. அவர்கள் வடிவமைத்த பயிற்சியின் மையத்தில் இருந்த உத்தி யாரும் வீட்டில் செய்யக்கூடியது: குத்திப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணை ஊகித்து எழுதுவது.

ஒரு சின்ன நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். நேரம், உடம்பில் என்ன தெரிகிறது, என் ஊகம், மீட்டர் சொன்னது. ‘மாலை 4.10, கை நடுக்கம், பசி, ஊகம் 3.5, மீட்டர் 6.8’ என்பது ஒரு வரி. ஊகத்தை எழுதாமல் குத்தினால் பயனில்லை. எண்ணைப் பார்த்தபின் மனம் ‘அப்படித்தான் நினைத்தேன்’ என்று மாற்றிச் சொல்லிவிடும். அறிகுறி இருக்கும்போது மட்டுமல்லாமல் சாதாரணமாக இருக்கும்போதும் சில வரிகள் வேண்டும். பதினைந்து இருபது வரி சேர்ந்ததும் படித்துப் பார்த்தால், உங்கள் உடம்பில் எந்த அறிகுறி மெய், எது பொய் என்பது தெரிய ஆரம்பிக்கும். ஒருவருக்கு வெறும் பசியும் நடுக்கமும் எப்போதும் 6க்கு மேலேயே வரும். மெய்யான இறக்கத்தில் உதடு மரத்துப்போகும், அல்லது காற்றாடிக்குக் கீழேயே பிடரி வியர்க்கும். இன்னொருவருக்குச் சொல் தடுமாறும், காரணமில்லாத கோபம் வரும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்குவது என்பதால் மாதக்கணக்கில் இப்படிச் செய்ய வேண்டாம். சில வாரம் போதும்.

ஒரு எச்சரிக்கை: இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவருக்கு அறிகுறி வந்து, கையில் மீட்டர் இல்லை என்றால், முதலில் இனிப்பு, ஆராய்ச்சி அப்புறம்.

மீட்டரும் தவறும். பப்பாளியோ மாம்பழமோ நறுக்கிய கையோடு குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு சேர்ந்து எண் உயர்ந்து காட்டும். உண்மையான ‘லோ’வை அது மறைத்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அப்புறம் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரக்காற்று அதைக் கெடுத்துவிடும். சரியாக வேலை செய்யும் மீட்டருக்கே, 5.55க்குக் கீழே உள்ள எண்களில் 0.83 வரை கூடக்குறையக் காட்ட அனைத்துலகத் தரம் இடம் கொடுக்கிறது. ஆகவே 4.1க்கும் 3.8க்கும் நடுவே பெரிய வேறுபாடு பார்க்காதீர்கள். கையில் ஒட்டும் சென்சார் அணிபவர்கள், அந்தக் கையை அழுத்திப் படுத்தால் நடுராத்திரியில் பொய்யாக ‘லோ’ அலாரம் அடிக்கும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோலுக்கடியில் உள்ள நீரைத்தான் சென்சார் அளக்கிறது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். சந்தேகம் வந்தால் விரலைக் குத்துங்கள்.

15 கிராம் என்பது எவ்வளவு?

மீட்டர் 3.9க்குக் கீழே காட்டினால் வேகமாகக் கரையும் சீனி 15 கிராம் எடுக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 3.9க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம். 3.0க்குக் கீழே என்றால் முதல் தடவையே 20 கிராம் எடுத்துக்கொள்ளலாம். மேலே வந்தபின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், ரொட்டித் துண்டு, கிரீம் கிராக்கர், வாழைப்பழம் போல ஏதாவது கொஞ்சம். குடித்த சீனியின் வேலை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்; மாத்திரையின் வேலை தீராது. அதற்காகத்தான் இந்தச் சின்னத் தீனி.

தட்டையாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். நான்கு கரண்டியை அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரில் கலக்கினால் 16 கிராம். மருந்தகத்தில் கிடைக்கும் குளுக்கோஸ் வில்லை பெரும்பாலும் ஒன்று 4 கிராம். நான்கு வில்லை மென்று விழுங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறத்தாழ 17 கிராம். அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்கு மட்டும் சமையல் சீனி வேகமாக வேலை செய்யாது, ஏனென்றால் சீனி உடைவதையே அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது. அவர் குளுக்கோஸ் பொடியோ வில்லையோதான் வைத்திருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் பொட்டலப் பானங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி சேர்த்த பானங்களுக்கு மலேசியா 2019 ஜூலையில் வரி போட்டது. 2025இல் அந்த வரி லிட்டருக்கு 90 சென் ஆனது. பல நிறுவனங்கள் பானத்தில் சீனியைக் குறைத்தன. பொதுநலனுக்கு அது நல்லதே. ஆனால் பழைய ஞாபகத்தில் ‘பாதிப் பொட்டலம் போதும்’ என்று குடித்தால் இன்றைக்குப் போதாது. 100 மில்லிக்கு 4.8 கிராம் என்றால் 250 மில்லிப் பொட்டலம் முழுதும் குடித்தால்தான் 12 கிராம். பொட்டலத்தின் பக்கவாட்டில் ‘ஜும்லா குலா’ (மொத்தச் சீனி) என்று போட்டிருக்கும் வரியைக் கடையிலேயே படித்துப் பார்த்து, ஒரே வகையை எப்போதும் வாங்குங்கள். சீனியே இல்லாத வகையும் ஏறத்தாழ அதே நிறத் தகரத்தில் வருகிறது. அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

மாமாக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது இறங்கினால் தே தாரேக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது வரவே ஐந்து நிமிடம், சூடு ஆற ஐந்து நிமிடம். ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அப்போதும் அப்படியே சொல்லிவிடக்கூடும். மேசைக்கு வரும் கடைக்காரரிடம் ‘தண்ணியில சீனி போட்டுக் குடுங்கண்ணே, அவசரம்’ என்று கேளுங்கள்.

சாக்லெட், லட்டு, பால்கோவா, மைலோ எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றில் இருக்கும் கொழுப்பு வயிற்றிலேயே சீனியைத் தடுத்து நிறுத்தி வைக்கும். ரொட்டி சானாய் சாப்பிட்டாலும் அப்படித்தான்.

15 நிமிடம் பொறுப்பதுதான் இதிலேயே கடினமான வேலை. 15 கிராம் சீனி ஏறத்தாழ 2 மில்லிமோல் ஏற்றும். ஆனால் நடுக்கம் அதற்குள் நிற்காது. இரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் அட்ரினலின் கரைய இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அந்தப் பதற்றத்தில் குளிர்பெட்டியைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் 16 வருகிறது. அதைப் பார்த்துக் கூடுதலாக ஊசி போடுகிறார்கள், இரவில் மறுபடி இறங்குகிறது. ‘என் சீனி ஏறி ஏறி இறங்குது’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எழுந்து நடக்காதீர்கள்.

இறங்கியது ஏன்?

ஒவ்வொரு இறக்கத்துக்கும் காரணம் உண்டு. தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். காரணம் தெரிந்த இறக்கம் அடுத்த தடவை அவ்வளவு பயமுறுத்தாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் செய்பவர் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். மாத்திரை உறையில் ‘காலை’ என்று எழுதியிருக்கிறது. கிளிக்லசைட்டைப் போட்டுக்கொண்டு, களைப்பில் பசியாறாமல் படுத்துவிடுகிறார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து விழிக்கிறார். அந்த மாத்திரை சாப்பாட்டுக்கான மாத்திரை, கடிகாரத்துக்கானது இல்லை. சாப்பிடப் போவதில்லை என்றால் அந்த வேளை அது வேண்டாம். ஷிப்ட் மாறும் வாரங்களுக்கு எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் ஷிப்டில் வேலை செய்வது அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடும் கலவை இன்சுலினை வீட்டில் போட்டுக்கொண்டு நாசி கண்டார் கடைக்குக் கிளம்பினால், வரிசை நீளும்போது கணக்கு தவறிவிடும். சாப்பாடு உறுதியாக எப்போது வரும் என்று தெரிந்தபின் ஊசியைப் போடுங்கள்.

இன்சுலின் போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வயிற்றில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தினால் தோலுக்கடியில் மெத்தென்று ஒரு கட்டி திரளும். அங்கே குத்தினால் வலிக்காது, அதனாலேயே பலர் அங்கேயே குத்துவார்கள். அந்தக் கொழுப்புக்குள் போன இன்சுலின் சில நாள் பாதிதான் இரத்தத்துக்கு வரும், சில நாள் தாமதமாக வரும். சீனி ஏறுகிறது என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். பிறகு யாரோ சொல்லி இடத்தை மாற்றிக் குத்தியதும் கூட்டிய அளவு முழுதும் ஒரேயடியாக வேலை செய்து சீனி சரிந்துவிடும். கட்டி இருந்தால் இடத்தை மாற்றத்தான் வேண்டும், ஆனால் மாற்றுமுன் கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். பால் போல் கலங்கலாக இருக்கும் இன்சுலின் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்டி, பத்து தடவை மேலும் கீழுமாகக் கவிழ்த்து, ஒரே சீராக வெள்ளையானபின் போட வேண்டும். அடியில் படிந்ததோடு போட்டால் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் கெட்டி.

மது இன்னொரு காரணம். கல்லீரல் மதுவைக் கரைக்கும் வேலையில் இருக்கும்போது புதிய சீனியைத் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. இரவு குடித்தவருக்கு மறுநாள் காலைகூட இறங்கலாம். தள்ளாட்டத்தைப் பார்த்து ‘போதை’ என்று விட்டுவிடுவார்கள்.

சிறுநீரகம் பலவீனமாகும்போது இன்சுலினும் சில மாத்திரைகளும் உடம்பில் தங்கும் நேரம் நீளுகிறது. பல ஆண்டுகளாகச் சரியாக இருந்த அதே அளவு மருந்து திடீரென்று அதிகமாகிவிடும். சல்ஃபோனைல்யூரியா எடுப்பவருக்குக் கோட்ரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின், ஃபுளுக்கோனசோல் போன்ற மருந்துகள் சேர்ந்தாலும் சீனி இறங்கலாம். தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ போனால் உங்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

நாட்டுமருந்து, ஜாமு என்று விற்பவற்றில் சீனி ‘அதிசயமாக’ இறங்கினால் சந்தேகப்படுங்கள். 2008இல் சிங்கப்பூரில், கிளிபென்கிளமைட் கலந்த பாலியல் ஊக்க மாத்திரைகளைச் சாப்பிட்டு, இனிப்புநீரே இல்லாத 150 பேர் கடுமையான இறக்கத்தோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தார்கள். எதைக் கலந்தார்கள் என்று உறையில் எழுதியிருக்கவில்லை.

இரவு, பாலம், விரதம்

தூக்கத்தில் இறங்கிவிடுமோ என்ற பயம்தான் இருப்பதிலேயே ஆழமானது. இன்சுலின் போடுபவர் படுக்குமுன் பார்த்து, 6க்குக் கீழே இருந்தால் ஒரு கிளாஸ் பாலோ இரண்டு கிரீம் கிராக்கரோ எடுத்துக்கொள்ளலாம். 8 இருந்தால் தேவையில்லை. தலையணை நனைந்திருப்பது, காலையில் தலைவலி, கலக்கமான கனவுகள் என்று இருந்தால் மூன்று நான்கு இரவுகள் அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்துக் குத்திப் பாருங்கள். நான்கு இரவும் 6, 7 என்றே வந்தால் அந்தப் பயத்துக்கு எண்ணாலேயே பதில் கிடைத்துவிட்டது. 3.5 வந்தால் டாக்டரிடம் காட்ட ஆதாரம் கிடைத்துவிட்டது. படுக்கைக்கு எட்டும் தூரத்தில் பானத்தை வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் அல்ல.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் நடுப்பாலத்தில் நின்றுவிட்டால் கடை கிடையாது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர் வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டும்; 5க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். பானம் காரின் பின்பெட்டியில் இருந்து பயனில்லை, கதவுப் பையில் இருக்கட்டும். மோட்டாரில் போகிறவர் குளுக்கோஸ் வில்லைகளைச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். வழியில் இறங்கினால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இனிப்பை எடுத்து, எண் 5ஐத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆனபின்தான் மறுபடி ஓட்ட வேண்டும். சீனி ஏறியபின்னும் மூளையின் வேகம் திரும்ப அவ்வளவு நேரம் ஆகிறது.

தைப்பூசத்துக்கு ஒரு வேளை உணவோடு விரதம் இருந்து, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுவது ஆரோக்கியமானவருக்கே கடும் உழைப்பு. மருந்தை அப்படியே எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இறங்கத்தான் செய்யும். விரதம் தொடங்குமுன் டாக்டரிடம் எத்தனை வேளை சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். விரதத்தைக் கைவிடச் சொல்ல வேண்டியவர் அவர். மருந்தை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. ஏறுமுன் ஒரு தடவை பாருங்கள், 5க்குக் கீழே என்றால் 15 கிராம் எடுத்துவிட்டு ஏறுங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் கொடுக்கும் சர்பத் கைகொடுக்கும், ஆனால் எந்தப் பந்தலில் எவ்வளவு சீனி என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பொட்டலத்தை நீங்களே கொண்டுபோங்கள். கடும் உழைப்புக்குப் பிறகு 24 மணி நேரம் வரைகூட இறங்கலாம் என்பதால் அன்றிரவும் பார்க்க வேண்டும்.

பினாங்கில் நோன்பு இருக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கு வரம்பு தெளிவாக இருக்கிறது: 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும், இஃப்தாருக்கு அரை மணிதான் இருந்தாலும் சரி. விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. ரமலானுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே மருந்து அளவை மாற்றுவது பற்றிப் பேசிவிடுவது நல்லது.

பயமே வராதவர்கள்

ஒரு சிலருக்கு நேர்மாறான சிக்கல். அடிக்கடி இறங்கிப் பழகினால் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிடும். 2.8இல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார், அடுத்த நிமிடம் சாய்வார். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் மிச்சமிருக்கும். இவர்கள் இன்னும் கொஞ்சம் பயந்தால் தேவலாம். இரண்டு மூன்று வாரம் ஒரு முறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால், அடிக்கடி இறங்கியதால் போன எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பி வருகிறது. அந்த வாரங்களில் சீனி சற்று மேலே இருந்தாலும் பரவாயில்லை என்று டாக்டரே சொல்வார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. இறங்கும்போது மனிதர் பிடிவாதக்காரராகிவிடுவார். ‘சீனி இறங்கிடுச்சா?’ என்று கேட்டால் ‘எனக்கு ஒண்ணுமில்ல, போ’ என்பதுதான் பதில். கேள்வி கேட்காதீர்கள். நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ‘நான் டம்ளரைக் கையில குடுத்தா, என்னங்க, எதுவும் கேக்காம குடிச்சிடணும், அப்புறமா சண்டை போடுங்க.’ அதே சமயம், முகம் வாடும்போதெல்லாம் இனிப்பை ஊட்டுவதும் உதவியாகாது. குத்திப் பார்க்க நேரம் இருந்தால் முதலில் குத்துங்கள்.

விழுங்க முடியாத நிலையிலோ மயங்கியோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999ஐ அழையுங்கள், இனிப்புநீர் இருப்பதையும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். சல்ஃபோனைல்யூரியாவால் கடுமையாக இறங்கியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். மாத்திரையின் வேலை ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். ஏற்றிய சீனி தீர்ந்ததும் மறுபடி இறங்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். இறங்கியதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை 3.9க்குக் கீழே போகிறது என்றால் அது மருந்து அளவில் உள்ள கோளாறு. அளவைக் குறைக்கலாம், கிளிபென்கிளமைடை வேறொன்றாக மாற்றலாம், இன்சுலின் நேரத்தைத் தள்ளலாம். எண்ணும் நேரமும் இல்லாமல் ‘அடிக்கடி மயக்கமா வருது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் இவற்றில் எதையும் அவரால் செய்ய முடியாது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய, சிறுநீரகம் தளர்ந்த அப்பாவையோ பாட்டியையோ அழைத்துப் போகும் பிள்ளைகள், எச்பிஏ1சி 6.5 என்று வந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த வயதில் 8 விழுக்காடு வரை தளர்த்த இடம் உண்டு. ‘இவங்களுக்கு மருந்து அதிகமா இருக்குமோ, டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள்.